படகா, படகோட்டியா?

கேள்வி: உல்லாசப் படகு கவிழ்வதற்குக் காரணம் படகின் வகையா, ஓட்டுபவரா?
– வாசகர், கவரைப்பேட்டை

பதில்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் படகு விஷயத்தில் சில நேரம் கூடமும் கோணல்தான்!

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பழவேற்காட்டில், சொந்தபந்தங்களோடு ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போன 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். ஏறியது மீன்பிடிப் படகு; உயிர்காப்பு உடை இல்லை.

மீன்பிடிப் படகில் வலையும் மீனும் அடித்தளத்தில் கிடக்கும். பாரம் கீழே இருப்பதால் படகு நிலையாக நிற்கும். மனிதர்களோ விளிம்பில் உட்காருவார்கள், போட்டோ எடுக்க எழுந்து நிற்பார்கள். பாரம் மேலே ஏறிவிடும். பத்துப் பேர் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலையும் நீரோட்டமும் மோதும். அங்கே சின்னச் சாய்வுகூடப் பொறுக்காது.

2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் கவிழ்ந்ததும் உல்லாசப் படகாக மாற்றப்பட்ட மீன்பிடிப் படகுதான். அங்கேயும் அளவுக்கு மீறிய கூட்டம். அங்கேயும் 22 உயிர்கள்.

படகு தானாக ஆள் ஏற்றிக்கொள்வதில்லை. பொருந்தாத படகைத் தேர்ந்தெடுத்தவரும், "இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்றவரும் மனிதர்களே. என் தீர்ப்பில் முதல் குற்றவாளி ஓட்டுபவர். அவரைத் தடுக்காத அதிகாரி இரண்டாமவர்.

அடுத்த முறை உயிர்காப்பு உடை தராத படகில் குழந்தையை ஏற்றாதீர்கள். கரையிலிருந்தே பழவேற்காட்டு ஏரியின் பூநாரைகளைக் காட்டுங்கள்.