தீபாவளி மருந்தும் சரக்கின் தரமும்: கீழமாசி வீதியை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

"இப்பொருள் குறித்து இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழ்த்தப்படவில்லை" என்று தொடங்காத ஆய்வேட்டைத் தமிழுலகம் ஏற்பதில்லை. ஆகவே அப்படியே தொடங்குகிறேன். கருதுகோள்: சரக்கு நன்றாயிருந்தால் தீபாவளி லேகியம் நன்றாயிருக்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். எல்லாருக்கும் தெரிந்ததை ஒருவருக்கும் விளங்காதபடி நிறுவிக் காட்டினால்தான் பட்டம் தருகிறார்கள்.

ஆய்வு எல்லை: மதுரைக் கீழமாசி வீதி, தேரடி தொடங்கி விளக்குத்தூண் வரை. கால எல்லை: ஐப்பசி மழை பிடிக்குமுன். இதற்கு வெளியே நடக்கும் எதற்கும் ஆய்வாளர் பொறுப்பல்லர்.

முன்னோடிகளைச் சொல்லாமல் நகரக் கூடாது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் பெயரில் தாங்கிய திரிகடுகத்தை நல்லாதனார் செய்தார். சிறுபஞ்சமூலம் தந்த காரியாசானும் ஏலாதி தந்த கணிமேதாவியாரும் மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரின் மாணாக்கர்கள் என்பர். ஒரே ஆசிரியரிடம் படித்த இருவர் மருந்தின் பெயரில் அறநூல் செய்திருப்பதால், அந்த வகுப்பில் தீராத சளித்தொல்லை இருந்தது என்று கொள்ள இடமுண்டு. இந்நூல்கள் சொல்லும் அறம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பேராசிரியர்கள், அந்தச் சுக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று மட்டும் கேட்டதில்லை.

மேலைநாட்டார் இச்சிக்கலுக்கு வந்து சேர்ந்தது 2003-இல்தான். அவ்வாண்டு வெளியான 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' என்னும் இணைய விளையாட்டில் மருத்துவர் வேடம் பூண்டவர் மருந்து கூட்டலாம். மூலப்பொருள் ஒவ்வொன்றின் குணங்களுக்கும் ஆயிரம் வரை மதிப்பெண் உண்டு. மதிப்பெண் ஏறினால் மருந்தின் வீரியமும் ஏறும். நல்ல பொருள் ஏதோ ஒரு கிரகத்தில் சில நாள் கிடைக்கும், பிறகு மறைந்துவிடும். அதே பெயரில் மறுபடி வராது. விளையாடுவோர் ராப்பகலாகத் தோண்டிப் பதுக்கினார்கள். நம் பெரியம்மாவுக்கு எந்தக் கிரகத்துக்கும் போக வேண்டியிருந்ததில்லை. "போன தடவை கொடுத்தீரே, அந்தச் சரக்கு இருக்கா?" என்று கேட்பார், கடைக்காரர் "அது முடிஞ்சுபோச்சும்மா" என்பார். கொள்கை ஒன்றே.

இனிச் சரக்கு வகை.

ஓமம்: கசக்கி மோந்தால் மூக்கு திறக்க வேண்டும்.

திப்பிலி: அரிசித்திப்பிலி, கண்டத்திப்பிலி என இரண்டும் வேண்டும். எது எது என்பதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுவது மரபு.

மிளகு: காய்ந்த பப்பாளி விதை இதில் கலந்துவரும். தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். சோதனை எளிது. ஆனால் கடை வாசலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் குடிக்கத்தான் என்று எண்ணி உபசரித்துவிடுகிறார்கள். சோதனை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கருப்பட்டி: உடன்குடி என்பார்கள். சர்க்கரை கலந்ததும் உடன்குடி என்றே சொல்லப்படும்.

சுக்கு: இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. வெளுப்பாகத் தெரியச் சுண்ணாம்பு பூசிய சுக்கும் சந்தையில் உண்டு. ஆகவே கண்ணை நம்பலாகாது. மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டே மருந்தில் சேர்க்க வேண்டும் என்பதில் சித்த மருத்துவர்களுக்குள் பிணக்கில்லை. பிணக்கு ஒடிக்கும் ஓசையில். 'டக்'கென்று ஒடிந்தால் உத்தமம் (பாட்டி, வாய்மொழி). 'டொக்'கென்றால் உள்ளே வண்டு குடியிருக்கிறது (பெரியம்மா, மேலது, சற்று உரத்து). ஓசையே வராமல் வளைந்தால் அது சுக்கல்ல, இன்னும் முடிவெடுக்காத இஞ்சி (சின்னத்தை, 'பெரியம்மாவுக்கு மறுப்பு', திண்ணைப் பதிப்பு). தெரு இரைச்சலில் 'டக்'கையும் 'டொக்'கையும் பிரித்தறிவது எப்படி என்ற வினாவுக்கு, காதருகே வைத்து ஒடிக்கவேண்டும் என்று ஒரு சாராரும், பல்லிடுக்கில் வைத்து ஒடித்தால் ஓசை மண்டைக்குள்ளேயே கேட்கும் என்று மறுசாராரும் கூறுவர். பின்னவர் வழியில் சுவையும் தெரிந்துவிடும் என்பதால் கடைக்காரர்கள் முன்னவரை ஆதரிக்கிறார்கள்.

அளவுச் சிக்கல் இதைவிடப் பெரிது. எங்கள் குடும்பத்து மூலப்பிரதியில் கிராமும் இல்லை, பலமும் இல்லை. "சுக்கு நாலணாவுக்கு, ஓமம் நாலணாவுக்கு" என்றே உள்ளது (கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், பால் கணக்குக்குக் கீழே, எண்ணெய்க் கறைக்கு வலப்புறம், கறை நீக்கிய செம்பதிப்பு இன்னும் வரவில்லை). நாலணாவுக்கு எவ்வளவு சுக்கு என்பது அந்த வருஷத்து விலையைப் பொறுத்தது. சுக்கு விலை ஏறி ஓமம் விலை இறங்கினால் அவ்வாண்டு மருந்தில் காரம் குறைந்து ஓமம் தூக்கலாயிருக்கும். ஆக, இம்மருந்தின் வரலாறு கீழமாசி வீதி விலைப்பட்டியலின் வரலாறே. அது போகட்டும். 2011 ஜூன் 30-ஓடு இருபத்தைந்து காசு நாணயம் செல்லாததாயிற்று. அன்று முதல் இம்மருந்தைப் பிரதியில் உள்ளபடி சட்டப்படி செய்ய வழியில்லை. மேற்சொன்ன விளையாட்டும் அதே 2011 டிசம்பரில் மூடப்பட்டது. இது தற்செயல் என்போர் ஆய்வு அறியாதார்.

நாலணாவுக்கு ஈடாக இன்று எதைக் கொள்வது? 'பத்து ரூபாய்' என்று ஒரு பாடவேறுபாடு உண்டு (மேலது, அதே கறை, நாத்தனார் உரை, அவ்வுரைக்கு மருமகள் எழுதிய அடிக்குறிப்பு, அவ்வடிக்குறிப்பைப் படித்துவிட்டு நாத்தனார் அடுத்த பொங்கல் வரை பேசாதிருந்த மௌனம், முழுவதும்). இதை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசித்தேன். பன்னாடு என்பது இணையவழி வந்து, ஒலி கேட்காமல் போய்விட்ட ஒருவர். கட்டணம் செலுத்தியிருந்தபடியால் கட்டுரை சிறந்தது என்று சான்றிதழ் தந்தார்கள். மதியம் சாம்பார் சாதமும் தந்தார்கள்.

இனி ஆயுட்காலம். சித்த மருத்துவக் கணக்கில் குடிநீர் மூன்று மணி நேரம், சூரணம் மூன்று மாதம், இளகம் ஆறு மாதம் தாங்கும். லேகியம் இளகத்தின் பாற்படும். ஐப்பசியில் கிண்டியது சித்திரையில் தேர் கீழமாசி வீதி திரும்பும்போது காலாவதியாக வேண்டும். கள ஆய்வில் வேறு கண்டேன். ஃபிரிட்ஜின் கதவோரம் ஊறுகாய்க்குப் பின்னால் அது அடுத்த ஐப்பசி வரை இருக்கிறது, குறையாமல்.

கருதுகோளைக் கவிழ்த்த தரவு இதுதான். 'டக்'கென்று ஒடிந்த சுக்கு, மூழ்கிய மிளகு, மூக்கைத் திறந்த ஓமம் எல்லாம் கூடிய ஆண்டில் மருந்து உச்சந்தலை வரை ஏறியது. ஆளுக்கொரு சுண்டைக்காயளவு விழுங்கிவிட்டு எல்லாரும் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்கள். பாட்டில் அப்படியே நின்றது. சரக்கு மட்டமாகி, அதை மறைக்க நெய்யும் கருப்பட்டியும் அள்ளிப் போட்ட ஆண்டில் பிள்ளைகள் பாட்டிலை விரலால் வழித்தார்கள். அதிரசமும் முறுக்கும் தின்ற வயிற்றுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது அந்த ஆண்டில்தான். ஆகச் சரக்கின் தரம் உயர உயர மருந்தின் வீரியம் கூடுகிறது. அது சென்றடையும் வயிறுகளின் எண்ணிக்கை குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் வருவது எல்லா ஆண்டும் ஏறத்தாழ ஒன்றே.

இம்முடிவை வாய்மொழித் தேர்வுக்கு வைத்தேன். புறத்தேர்வாளராகப் பக்கத்து வீட்டு அத்தை வந்தார். ஆய்வேட்டைப் பிரிக்கவில்லை, தேர்வாளர் மரபு அதுவே. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, "நெய் காணாது" என்றார். திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது.