குழப்படி: ஒரு குசினி ஆராய்ச்சி

வெள்ளவத்தையில் ஒழுங்கு இல்லாத இடத்துக்குப் பெயர் ஒழுங்கை. 37ஆம் ஒழுங்கை, 42ஆம் ஒழுங்கை, 57ஆம் ஒழுங்கை என்று இலக்கம் போட்டு வைத்தவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். இன்று அதற்குள் ஒரு ஓட்டோ நுழைந்தால் எதிரே மீன்காரரின் மோட்டார் சைக்கிள் நிற்கும். அதற்குப் பின்னால் பள்ளிக்கூட வான். வானுக்குப் பின்னால், புதிதாக எழும்பும் தொடர்மாடிக்கு மணல் ஏற்றிவந்த லொறி. நான்கு சாரதிகளும் இரண்டு மொழியில் ஒருவரை ஒருவர் பின்னுக்குப் போகச் சொல்வார்கள். ஒழுங்கை என்ற சொல் ‘ஒழுங்கு’ வழி வந்ததா, ‘ஒழுகு’ வழி வந்ததா என்று பண்டிதர்கள் வாதிடட்டும். மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள்ளால் நடந்தவன் என்ற முறையில் நான் இரண்டாவது கட்சி.

ஆனால் இக்கட்டுரையின் பொருள் ஒழுங்கு அன்று, அதன் மறுதலை. ஆய்வுக்குத் தூண்டுதலாக அமைந்த சம்பவத்தை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். என் மகனுக்கு ஆறு வயது. தைப்பொங்கலுக்குச் சென்னையிலிருந்து என் மச்சானின் மனைவி வந்திருந்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தபடி அம்மா சொன்னார்: “இவன் சரியான குழப்படி, பிள்ளை. ஒரு இடத்தில இருக்கமாட்டான்.” வந்தவர் முகம் வாடி, பையனைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினார். “என்னடா கண்ணா உனக்குக் குழப்பம்? மனசுல என்ன இருந்தாலும் அத்தைகிட்ட சொல்லு.” அவன் மனதில் இருந்ததைச் சொல்லவில்லை. அவருடைய கைபேசி நீந்துமா என்று மீன்தொட்டிக்குள் விட்டுப் பார்த்தான்.

சென்னையில் குழப்பம் தலைக்குள்ளே நிகழ்வது; கொழும்பில் அது தலைக்கு வெளியே, பெரும்பாலும் அடுத்தவர் சாமானுக்கு நிகழ்வது. இந்த வேறுபாட்டை ஆராய அகராதிகளைக் கொண்டுவந்து அடுக்கினேன்: 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியின் மறுபதிப்பு, 1862இன் வின்சுலோ, 1924இல் தொடங்கி 1936இல் முடிந்த சென்னைப் பல்கலைக்கழகத்து லெக்சிகன், இலங்கை வழக்குகளைத் தனியாக மதித்துச் சேர்த்துக்கொண்ட க்ரியாவின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு. மகன் அந்த அடுக்கின் மேல் ஏறி அலுமாரித் தலைப்பில் இருந்த பிஸ்கற் தகரத்தை எட்டி எடுத்தான். எங்கள் வீட்டில் அகராதியால் உறுதியாகக் கிடைத்த முதற் பயன் அது.

இனி என் கருதுகோள். தமிழர் சீர்கேட்டைக் குறிக்க வழங்கும் சொற்கள் போர்க்களத்திலோ நீதிமன்றத்திலோ பிறந்தவை அல்ல, குசினியில் பிறந்தவை. குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது என்பதால் சொந்த வீட்டிலேயே இக்கோட்பாட்டுக்கு ஓர் அந்நியத் தன்மை உண்டு. ஆய்வுலகில் அது பலமாகக் கருதப்படும்.

சான்றுகளைப் பார்ப்போம். குழப்பத்தோடு பிறந்தது குழம்பு. குழம்பின் ஒன்றுவிட்ட உறவு குழையல்: இராச் சோறும் மிஞ்சிய கறிகளும் ஒரே சட்டியில் சேர, அம்மா கையால் பிசைந்து, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் உள்ளங்கையில் உருண்டை உருண்டையாக வைப்பது. அதில் எது கத்தரிக்காய், எது கருவாடு என்று கேட்பவனுக்கு அடுத்த உருண்டை பிந்தித்தான் வரும். கலக்கம், கலகலப்பு, கலப்படம் எல்லாவற்றிலும் அகப்பை சுற்றும் சத்தம் கேட்கிறது. சிக்கலுக்குத் தமிழ்நாட்டார் இடியப்பத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். மாங்காயும் அம்பரெல்லாவும் மிளகாயும் வினாகிரியும் ஒரே போத்தலில் கிடக்கும் அச்சாறு, பாரசீகத்தில் புறப்பட்டுக் கடல் சுற்றி இங்கே வந்து, சிங்களத்தில் எந்தக் கந்தறுந்த நிலைமைக்கும் பெயராகிவிட்டது. கூட்டணி அரசாங்கம் அமையும்போதெல்லாம் காலிமுகத்திடல் அச்சாறுகாரர்கள் மானநட்ட வழக்குப் போடாதது அவர்களுடைய பெருந்தன்மை.

எல்லாவற்றிலும் உயர்ந்த சான்று கரைச்சல். கரைப்பது என்றால் புளியைக் கரைப்பது, மாவைக் கரைப்பது. அதிலிருந்து வந்த கரைச்சல் எங்களுக்குத் தொந்தரவு. இச்சொல்லைச் சிங்களமும் அப்படியே எடுத்துக்கொண்டது. கீழ்மாடியில் இருக்கும் சிங்கள அன்ரி என் மகன் படிக்கட்டில் இறங்கும் சத்தம் கேட்டதும் “ஐயோ, கரச்சல்” என்று கதவைச் சாத்துகிறார். இரு மொழிகளும் எதிலும் ஒத்துப்போவதில்லை என்று மனம் வருந்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். தொந்தரவுக்கு நாங்கள் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். கொடுத்தவர்கள் நாங்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு.

எதிர்ச்சான்றுகளை மறைப்பது ஆய்வு அறம் ஆகாது. புடுங்குப்பாடு குசினிச் சொல் அன்று என்பார்கள். தேங்காயை யாராவது புடுங்கினால்தான் பால் பிழியலாம் என்பதோடு அந்த மறுப்பு விழுந்தது. களேபரம் சற்றுக் கடினம். வடமொழியில் அது உடம்பைக் குறிக்கும் சொல். ஓர் உடம்பு எப்படி அமளியானது, அது யாருடைய உடம்பு என்று விசாரிக்க இந்த ஆய்வாளருக்கு அதிகாரம் இல்லை. கோலாகலம் அதைவிடச் சுவையானது. மூலத்தில் அதன் பொருள் கூச்சல், ஆரவாரம். அதே சொல் சிங்களத்துக்குப் போய் ‘கோலாஹலய’ என்று அடிதடியாக நின்றுவிட்டது. தமிழுக்கு வந்து திருவிழாவாகிவிட்டது. ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும்போது, வேல் கோலாகலமாக வந்தது என்று தமிழ்ப் பத்திரிகை எழுதும். அந்தத் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்த ஒரு சிங்கள நண்பர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: “எத்தனை பேருக்குக் காயம்?”

அவரைச் சிரித்து அனுப்பிவிட்டேன். பிறகு கொட்டாஞ்சேனை ஞாபகம் வந்தது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தாராமய விகாரைக்கு மேளதாளத்தோடு ஒரு பௌத்த ஊர்வலம் போகிறது. பக்கத்தில் புனித லூசியா ஆலயச் சுற்றாடல் கத்தோலிக்கர் வாழும் இடம். ஒரு பக்கத்தாருக்குக் கோலாகலம், மறுபக்கத்தாருக்கும் அன்று பெருநாள். இரண்டு கோலாகலமும் ஒரே தெருவில் சந்தித்தபோது சிங்களப் பொருள் வென்றது. விளைவு வேறு எங்கும் காணாதது: விசாரணை, மனு, பௌத்தர்களுக்காகக் கேணல் ஒல்கொட் இலண்டனுக்குப் போனது என்று ஆகி, 1885இல் வெசாக் விடுமுறை நாளானது. அதே ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி பௌத்தக் கொடி முதன்முதல் ஏறியதும் அதே கொட்டாஞ்சேனை விகாரையில்தான். ஒரு கைகலப்பு இரண்டு வருடத்தில் விடுமுறையும் கொடியுமாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. 2019இல் அதே சுற்றுவட்டாரத்துக்கு வந்த இன்னொரு உயிர்த்த ஞாயிறுக்கு என் சொற்பட்டியலில் எந்தச் சொல்லும் இல்லை. அதை அங்கே வைக்கவும் மாட்டேன்.

குசினிக் கோட்பாட்டுக்கு வரலாற்றுத் துணை வேண்டுவோருக்கு 1953 இருக்கிறது. பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். கொழும்பில் தரையில் நிற்கப் பயந்த அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற ‘நியூஃபவுண்ட்லாந்து’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கொத்து என்பது இங்கே அரிசி அளக்கும் அளவை என்பதையும், பின்னேரம் ஆறு மணிக்குமேல் காலி வீதி முழுக்க இரும்புத் தட்டில் இரண்டு தகடுகள் அடிக்கும் அடியும் கொத்து என்பதையும் வாசகர் சேர்த்துப் பார்க்கலாம். நான் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை, பசிதான் வந்தது.

2022ஐ எல்லோரும் கண்ணால் கண்டோம். காஸ் இல்லை, பால்மா இல்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து வரிசையில் விட்டுவிட்டு, ஆட்கள் நிழலில் குந்தியிருந்தார்கள். ஒழுங்கைகளின் சரித்திரத்தில் அவ்வளவு நேரான வரிசையை நான் பார்த்ததில்லை. ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போனது. உலகம் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆய்வாளனின் கண் பிரதமரின் அலரி மாளிகையில் நின்றது. அங்கே போனவர்கள் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். ஆறு கோடி வார்த்தை எழுதினாலும் என் கோட்பாட்டுக்கு அதைவிட நல்ல மேற்கோள் கிடைக்காது.

இப்போது இலக்கணம். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும்: மெல்லினம் வல்லினமானால் தன்வினை பிறவினையாகும். திரும்பு, திருப்பு. கலங்கு, கலக்கு. குழம்பு, குழப்பு. தானாகக் குழம்பியது குழம்பாகிச் சோற்றுக்கு வந்தது. ஒருவர் குழப்பியது குழப்பமானது. ‘ம்’ இருந்த இடத்தில் ‘ப்’ வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘ப்’புக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். குழப்பினது யார் என்று கேட்டால் பெயர் சொல்ல வேண்டும்.

எங்கள் பத்திரிகைகளும் அறிக்கைகளும் இதை நன்றாக விளங்கிக்கொண்டவை. அவற்றில் கலவரம் மூண்டது என்றுதான் வரும். மூட்டினார்கள் என்று வராது. மூள்வது அடுப்பு நெருப்பின் வேலை. கலவரம் வெடித்தது என்பார்கள், தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோல. நிலைமை கொதித்தது, பிறகு தணிந்தது, பிறகு வழமைக்குத் திரும்பியது. ஒரு முழுச் சமையலும் நடந்து முடிந்துவிட்டது, சமைத்தவரைக் காணோம். குசினிக் கோட்பாட்டுக்கு இது பெரும் வெற்றி என்றுதான் முதலில் குறித்து வைத்தேன். அம்மாவிடம் வாசித்தும் காட்டினேன். அவர் 58 கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் பத்து வயதுப் பிள்ளை. 83இல் இந்த ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். முருங்கைக்காய் உரித்துக்கொண்டே கேட்டார்.

“மூண்டதோ? லிஸ்ற்றோட எல்லோ வந்தவங்கள்.”

வாக்காளர் பட்டியலை அவர் சொன்னார். 1983 ஜூலையில் வந்தவர்கள் கையில் அது இருந்தது: வீட்டிலக்கம், பெயர், ஒழுங்கை. இது தமிழ் வீடு, அது இல்லை. அன்றைக்கு வெள்ளவத்தையில் வரிசை தப்பாமல் இயங்கியது அந்தப் பட்டியல் ஒன்றுதான். சீர்கேடு என்றால் கலந்துபோவது என்பது என் கோட்பாட்டின் அத்திவாரம். வந்தவர்களோ கலந்து கிடந்ததைத் தெரிந்து பிரித்தெடுக்க வந்தவர்கள். கல், உமி பார்த்துக் களைவதுபோல என்று உவமை சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். குசினி அதற்குப் பொறுப்பில்லை.

குழப்படிக்கும் குழப்பத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அம்மாவையே கேட்டேன். கள ஆய்வு என்று இதைத்தான் சொல்வார்கள்.

“குழப்படி எண்டால் சத்தம் கேக்கும். குழப்பம் எண்டால் முதல்ல சத்தம் நிக்கும். காலி வீதியில பஸ் ஓடுற சத்தம் நிண்டுது எண்டால் நீ சாமானை எடு.” கொஞ்சம் யோசித்து, “இவன்ர சத்தம் கேக்குதோ இப்ப?” என்றார்.

கேட்கவில்லை. எழுந்து ஓடினேன். மூன்று மாதமாகச் சொல்லுக்கு ஒன்றாக எழுதி அகரவரிசையில் சப்பாத்துப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்த சீட்டுகள் அத்தனையும் தரையில் கிடந்தன. நடுவில் மகன், கோதுமை மா வாளியோடு. பசை காய்ச்சிச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டப் போகிறானாம். ‘அமளி’ ஈரமாக இருந்தது. ‘அச்சாறு’ சீட்டில் உண்மையிலேயே எண்ணெய். ‘கரைச்சல்’ யன்னல் கம்பியில். ‘புடுங்குப்பாடு’ இரண்டாகப் புடுங்கப்பட்டிருந்தது. ஒன்றிரண்டைக் கொண்டுபோய் வீடு முழுக்க ஒளித்தும் வைத்திருக்கிறான். எங்கே என்று கேட்டால் சிரிக்கிறான்.

பின்னேரம் மட்டும் தேடினேன். ‘கலவரம்’ எழுதிய சீட்டு அலுமாரியின் அடித்தட்டில், அம்மாவின் சேலைகளுக்குப் பின்னால், ஒரு நீலத் தோள்பையின் வெளிப் பொக்கற்றில் அகப்பட்டது. அந்தப் பையை இத்தனை வருடமும் நான் திறந்ததில்லை. திறந்தேன். காணி உறுதி ஒரு பொலித்தீனில், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் வயது வரிசையில் இன்னொன்றில், கடைசியில் என் மகனுடையதும், அடையாள அட்டைகளின் போட்டோப் பிரதிகள், வங்கிப் புத்தகம், நாலாய் மடித்த ஒரு சேலை, இரண்டு மெழுகுதிரி, ஒரு தீப்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி றப்பர் வளையம். அடியில் ஒரு மைலோ தகரம் இருந்தது. மூடியை நெம்பி மணந்து பார்த்தேன். போன மாதம் இடித்த மிளகாய்த்தூள்.