கிளிக்கு ரெண்டு வெள்ளி

வாம்மா, உட்காரு. பசியாறிட்டியா? மரவள்ளிக்கிழங்கு அவிச்சிருக்கு, நெத்திலிச் சம்பலும் இருக்கு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் தின்னா கிழங்கு தொண்டையில சிக்கும்.

உங்கம்மா எல்லாத்தையும் சொன்னா. அந்தப் பையனைக் கட்டலாமான்னு டாரோ சீட்டு பார்த்தியாம். ஒரு தடவைக்கு அம்பது வெள்ளி, மூணு தடவை. முதல் ரெண்டு தடவையும் வந்த சீட்டு உனக்குப் பிடிக்கல. மூணாவதா 'காதலர்' வந்ததும் சீட்டு சத்தியமாயிடுச்சு, அப்படித்தானே? வெட்கப்படாதே. உங்கப்பன் மட்டும் என்ன வாழ்ந்தான்? பத்துப் பொருத்தம் பார்க்கிறேன்னு கிள்ளான், காப்பார், பந்திங்னு அலைஞ்சான். ரெண்டு ஜோசியர் 'செய்யலாம்'னாங்க. மூணாமவர் 'கூடாது'ன்னார். உங்கப்பன் தட்சணையைக் கூட்டிக் கொடுத்தது அவருக்குத்தான்.

உன் தம்பி போன்ல தேடி அந்தச் சீட்டோட பூர்வீகத்தைப் படிச்சுக் காட்டினான். மொத்தம் 78 சீட்டாம். 15ஆம் நூற்றாண்டுல இத்தாலிக்காரன் பொழுதுபோகாம ஆடின ஆட்டம். சம்பளத்தன்னைக்கு லயத்துல நாங்க விரிக்கலையா, அந்த மாதிரி. ஜோசியம் பின்னாடிதான் வந்து ஒட்டிக்கிச்சு. நீ பார்த்த கட்டு 1909ல லண்டன்ல வந்தது, படம் பமேலா கோல்மன் ஸ்மித்னு ஒரு அம்மா போட்டது. அதுல காதலர் சீட்டுல ஆணும் பொண்ணும் நிக்க, மேல ஒரு தேவதூதர். உடம்புல பொட்டுத் துணி இல்ல, தீபாவளிச் செலவு மிச்சம். ஆனா பழைய மார்செய் கட்டுல அதே சீட்டைப் பாரு. நடுவுல பையன், ரெண்டு பக்கமும் ரெண்டு பொம்பளைங்க. அதுல ஒருத்தி அம்மாக்காரின்னும் சொல்றாங்களாம். நம்ம வீட்டைப் பார்த்து வரைஞ்ச மாதிரி இருக்கு!

எனக்கு அது புதுசில்ல. 1967ல உங்க பாட்டியை எனக்குக் கொடுக்க அவ அப்பா இழுத்துக்கிட்டே இருந்தார். மண்டோர் பொண்ணு, நான் வெறும் பால்வெட்டுக்காரன். கடைசியில பிரிக்பீல்ட்ஸ்ல கிளி ஜோசியம் பார்த்துடுவோம்னார். நான் முதல்நாளே ரயிலேறிப் போய்க் கிளிக்காரன் கையில ரெண்டு வெள்ளி வச்சுட்டு வந்தேன். அப்போ அது சின்னக் காசு இல்ல. மறுநாள் கிளி கூண்டைவிட்டு வந்தது, ரெண்டு சீட்டைத் தள்ளிப்போட்டது, மூணாவதை இழுத்துக் கொடுத்துட்டு நெல்லைக் கொத்திக்கிட்டு உள்ளே போயிடுச்சு. விரிச்சா முருகன். ஒரு பக்கம் வள்ளி, இன்னொரு பக்கம் தெய்வானை. மாமனார் என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை! கிளிக்காரன் 'ரெட்டை அதிர்ஷ்டம் ஐயா'ன்னு சமாளிச்சான். அந்த 'ரெண்டாவது' யாருன்னு உங்க பாட்டி இன்னைக்கும் கேக்கிறா. ரெண்டு வெள்ளி விஷயம் அவளுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

சட்டப்படி உன்னை யாரும் தடுக்க முடியாது. 1976ல போட்டு 1982 மார்ச் 1லேர்ந்து நடப்புல இருக்கிற கல்யாணச் சட்டம். 21 வயசு ஆகலைன்னாதான் அப்பன் எழுத்துல சம்மதம் தரணும். உனக்கு 26. உங்கப்பன் கையெழுத்து இனிமே கார் கடனுக்குத்தான் உதவும். ஆனா ரெஜிஸ்டர் பண்ணினப்புறம் பிடிக்கலைன்னா சீட்டு மாதிரி திரும்பக் குலுக்க முடியாது. சாதாரணமா ரெண்டு வருஷம் ஆகாம விவாகரத்து மனுவே போட முடியாது. நீ மட்டும் போடுறதா இருந்தா, முதல்ல சமரசக் குழுவுக்குப் போகணும். அங்கேயும் புத்திமதிதான்! சீட்டுக்காரி கட்டை அடுக்கிக்கிட்டுப் போயிருப்பா. காலங்காத்தால சோத்துப் பொட்டலத்தோட உன்கூடப் பெஞ்சுல வந்து உட்காரப் போறவ உங்கம்மாதான். அதுக்காக அவ சொல்றதெல்லாம் சரின்னு நான் சொல்லல. பையன் காதுல தோடு போட்டிருக்கான்னு அழறா. அவ அப்பன் நான் ஒரு காலத்துல பெல்பாட்டம் போட்டவன்.

ஞாயித்துக்கிழமை அவனைக் கூட்டிட்டு வா. மேரு சந்தையில மீன் வாங்கிட்டு வாப்பான்னு என் பழைய கப்சாய் மோட்டாரைக் கொடுக்கப் போறேன். அது கிளம்பாது. பதினோரு மணி வெயில்ல பத்து ஒதை ஒதைச்சப்புறம் அவன் திட்டுறது மோட்டாரையா, இந்தக் கிழவனையா, பக்கத்துல நிக்கிற உன்னையான்னு நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கிறேன்.

பிளக்கு என் வெத்தலைப் பெட்டியில இருக்கு. அவன்கிட்ட மூச்சு விட்டே, பாட்டிகிட்ட உன் மூணு அம்பது வெள்ளியைச் சொல்லிடுவேன்.