ஆங்கில ஆசிரியருக்கு அயல்நாட்டில் மவுசு குறைந்ததா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் முடித்த என் மகள், வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க ஆசைப்படுகிறாள். 'வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை' என்கிறார்களே, நிஜமா?
– வாசகி ஒருவர், கட்கி, புனே

பதில்: பெருமளவு நிஜம்தான் அம்மா. 2021 ஜூலையில் சீனா, பள்ளிப் பாட டியூஷனில் லாபம் பார்க்கக் கூடாது என்றது. வெளிநாட்டில் இருப்பவர்களை வைத்து ஆன்லைனில் பாடம் நடத்தவும் தடை போட்டது. ஒரே உத்தரவில் பெரிய சந்தை படுத்தது. அங்கே பிழைத்தவர்கள் மற்ற நாடுகளில் மொய்த்தால் சம்பளம் ஏறுமா, இறங்குமா? போதாக்குறைக்கு, தென் கொரியா இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஏழு நாட்டுக்காரர்களையே எடுக்கிறது. அந்த ஏழில் இந்தியா இல்லை. இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவளை பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒதுக்குவது அநியாயம்.

மகள் மனம் தளர வேண்டாம். முதலில் பி.எட். முடிக்கட்டும், வளைகுடாவின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் அதற்கு மதிப்பு உண்டு. வாடகை, விசா, விமான டிக்கெட் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் பார்த்த பிறகே கையெழுத்து. உங்கள் ஊர் ரானடே இன்ஸ்டிடியூட்டில் ஜெர்மன், ஜப்பானிய மொழி வகுப்புகளும் உண்டு. கூடுதலாக ஒரு மொழி, கூடுதலாக ஒரு வேலைவாய்ப்பு.

1848-லேயே சாவித்ரிபாய் பூலே பெண்களுக்குப் பாடம் நடத்திய ஊர் புனே. அந்த ஊர்ப் பெண் தைரியமாகக் கற்பிக்கட்டும். உரிய சம்பளத்தையும் கூச்சப்படாமல் கேட்கட்டும்!