வணிக ஞானம் வாய்க்காதவர்கள்

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், அணவயல் பக்கமெல்லாம் மொய் விருந்து களைகட்டிவிடும். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை; கையில் காசில்லை என்பதுதான் விசேஷம். தனியாக வைத்தால் செலவு தாங்காது என்று பலர் ஒன்றுசேர்ந்து ஒரே பத்திரிகை அடித்து, ஒரே பந்தலில் கிடாக்கறி போடுகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவியவர் தனக்கு வேண்டியவரின் மேசைக்குப் போய் மொய் எழுதுவார். நோட்டுப் புத்தகத்தோடு கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்துவிட்டது; எழுதிய கையோடு ரசீது. பணம் எண்ண இயந்திரம் உண்டு. வசூல் பெரிதாக இருந்தால் துப்பாக்கியோடு காவலாளி உண்டு.

வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சிபில் ஸ்கோர் கேட்பாரில்லை. அடுத்தவர் முறை வரும்போது, அதாவது ஐந்தாண்டுச் சுற்றுக்குள், வாங்கியதைத் திருப்பி எழுதிவிட வேண்டும். உறவு நீடிக்க வேண்டுமென்றால் மேலே கொஞ்சம் புதுநடையும் போட வேண்டும். எழுதாவிட்டால் கோர்ட்டு இல்லை, கேஸ் இல்லை. டீக்கடையில் பேச்சு வரும். அவ்வளவுதான் தண்டனை, அதற்கே இந்தப் பக்கத்து ஆட்கள் நடுங்குகிறார்கள்.

2017-ல் அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல், விவசாயக் கடன் தள்ளுபடி நேர்மையான கடன் பண்பாட்டைக் கெடுத்துவிடும் என்று கவலைப்பட்டார். அவரை யாராவது ஓர் ஆடி மாதம் கீரமங்கலத்துக்குக் கூட்டி வந்திருக்கலாம். பண்பாட்டை இலையில் வைத்துப் பரிமாறியிருப்பார்கள்.

அதற்காக மொய் விருந்தை ஏழைகளின் சுவிஸ் வங்கி என்று புல்லரித்து எழுதுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஒரே நாளில் நான்கு பந்தலில் பழைய மொய் பாக்கி என்றால், தாலிக்கொடியை அடகுக்கடையில் வைத்துத்தான் நான்கு இடத்திலும் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். அதுவும் முடியாதவர் மீட்டர் வட்டிக்காரரிடம் போவார். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு எரிந்தபோதும் அந்தச் சட்டம் புத்தகத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. தென்னை வேரோடு படுத்துக் கிடந்தது. அரசு மரத்துக்கு விலை வைத்தது: 600 ரூபாய். விழுந்ததை வெட்டி அப்புறப்படுத்த 500. ஆக 1,100. பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்த்த மரத்துக்கு அரசு கொடுத்த ஈமச்சடங்குச் செலவு அது. புதிதாக நட்ட கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதற்குள் கொரோனாவும் வந்து பந்தல்களைப் பிடுங்கிப் போட்டது. மறுபடி விருந்து தொடங்கியபோது வசூல் சுருங்கிப் போயிருந்தது. ஆனாலும், ‘எனக்குத் தோப்பு போய்விட்டது, உங்கள் மொய்யில் நூற்றுக்கு ஏழு ரூபாய் தருகிறேன், மிச்சத்தை மறந்துவிடுங்கள்’ என்று யாரும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

போடத் தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஏர்செல்லைத் தொடங்கிய சி.சிவசங்கரனின் சிவா இண்டஸ்ட்ரீஸ், ஐ.டி.பி.ஐ. தலைமையிலான கடன்கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது 4,800 கோடிக்கு மேல். நூற்றுக்குத் தொண்ணூறு ரூபாய்க்கும் மேல் விட்டுக்கொடுத்து, கம்பெனியையும் பழைய முதலாளி தரப்பிடமே ஒப்படைக்கக் கடன்கொடுத்தவர்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தார்கள். சென்னைத் தீர்ப்பாயம் 2021-ல் முடியாது என்றது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் முடியாது என்றது. 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் முடியும் என்றது: 90 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்த பிறகு, கடன்கொடுத்தவர்களின் வணிக ஞானத்தில் நீதிமன்றம் மூக்கை நுழைக்கக் கூடாதாம்.

வணிக ஞானம்! ஒரு தவணை தவறினால் கீரமங்கலத்து விவசாயியின் டிராக்டரைத் தூக்கிக்கொண்டு போகிற வங்கிகளுக்கு இந்த ஞானம் எந்த மரத்தடியில் கிடைத்தது என்று தெரிந்தால் தேவலை. விழுந்த தென்னையின் அடியில் கிடைக்கவில்லை, அது நிச்சயம்.

மும்பையில் இன்னும் விசேஷம். 2021 ஜூனில் வீடியோகான் குழுமத்தின் 13 கம்பெனிகள் ஏலப் பந்தலுக்கு வந்தன. ஏற்கப்பட்ட கடன் சுமார் 64,800 கோடி. வேதாந்தா தரப்பு கொடுக்க முன்வந்தது 2,962 கோடி. கடனில் இப்படி விட்டுக்கொடுப்பதற்கு வங்கி மொழியில் ‘ஹேர்கட்’ என்று பெயர்; இது முடிவெட்டா, முழு மொட்டையா என்று தீர்ப்பாயமே தன் உத்தரவில் வியந்தது. வியந்துவிட்டு ஒப்புதலும் கொடுத்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தானது வேறு கதை. தலை யாருடையது என்பதில்தான் எனக்கு அக்கறை. அதில் ஸ்டேட் வங்கியில் போட்ட கீரமங்கலத்துப் பூ வியாபாரியின் சேமிப்பும் இருக்கிறது.

2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து எடுத்துவிட்ட கடன் 14.56 லட்சம் கோடி. பெருந்தொழில், சேவை நிறுவனங்களுடையது மட்டும் 7.4 லட்சம் கோடி. 2023-ல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு இது. கூடவே ஒரு பாடமும் நடத்துவார்கள்: இது தள்ளுபடி இல்லை, ஏட்டிலிருந்து நீக்குவது மட்டும்தான், வசூல் தொடரும். மொய் நோட்டில் ஒருவன் பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘விட்டுவிட்டேன் என்று நினைக்காதே, விரட்டிக்கொண்டேதான் இருப்பேன்’ என்று சொன்னால் பங்காளி சிரிப்பான். நாடாளுமன்றத்தில் சிரிக்காமல் குறித்துக்கொள்கிறார்கள்.

சிரிப்பு வராத கதையும் ஒன்று உண்டு. 2020-ல் லண்டன் நீதிமன்றத்தில், மூன்று சீன வங்கிகள் தொடுத்த வழக்கில், அனில் அம்பானி தன்னுடைய நிகர சொத்து மதிப்பு பூஜ்யம் என்றார். அதே ஆண்டு செப்டம்பரில், வக்கீல் செலவுக்காக நகைகளை விற்று 9.9 கோடி ரூபாய் திரட்டியதாகவும் சொன்னார். பாவம், நகை விற்ற வீடு. கூட்டுறவு வங்கியில் வைத்த நாலு சவரன் ஏலத்தில் போனதைப் பார்த்த எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்தத் துயரம் புரியும். ஒரு பத்திரிகை அனுப்பியிருந்தால் நாங்களும் நூறோ ஐம்பதோ எழுதியிருப்போம். திரும்பி வராது என்று தெரிந்தே.

இந்த நாட்டில் ஏழைக்குத் திவால் சட்டமே இல்லை என்று சொன்னால் அபாண்டம். 2016-ல் வந்த திவால் சட்டத்தில் ஏழைக்கென்றே ‘புதுத் தொடக்கம்’ என்று ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், மொத்த சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள் இருக்க வேண்டும். சொந்த வீடு இருக்கக் கூடாது. கீற்றுக் கொட்டகை சொந்தமாக இருந்தால் நீங்கள் பணக்காரர். கொல்லையில் ஒரு கறவை மாடு நின்றால் மாடே சாட்சி சொல்லிவிடும். இவ்வளவு வடிகட்டிய பிறகும் யாராவது தேறிவிடப் போகிறார்கள் என்ற பயமோ என்னவோ, அந்த அத்தியாயத்தை இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்ட பெரும்புள்ளிகளுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் கதவைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் மனுப் போட்ட நாளிலிருந்தே அந்தக் கடன் சம்பந்தமான வழக்குகள் நிற்கும்படி ஏற்பாடும் அதிலேயே இருந்தது.

கீரமங்கலத்துக்காரர் மஞ்சள் கடுதாசி கொடுக்க வேண்டுமானால் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான் கதி. காந்தி ஒத்துழையாமை தொடங்கிய வருஷத்துச் சட்டம். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் தாராளமாக எழுதியிருக்கிறது. மனு எழுதும் வக்கீலுக்கு அந்த 500 போதாது. அதனால் நடைமுறையில் உள்ள திவால் சட்டம் வேறு: வீட்டைப் பூட்டு, பிள்ளைகளின் டி.சி.யை வாங்கு, ராத்திரியோடு திருப்பூர் பஸ் ஏறு.

ஏறாதவர்கள் நுண்கடன் குழுவில் இருக்கிறார்கள். வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022-லிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. குழுக் கடன் வசூல்காரர் காலை ஆறரைக்கே வாசலில் வண்டியை நிறுத்துகிறார். பூப்பறிக்கப் போனவளை முல்லைக் கொல்லையிலிருந்து கூப்பிட்டு வரச் சொல்கிறார். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். இங்கே ஜாமீன்தாரர் என்பது பக்கத்து வீட்டு அக்கா. அவளுக்கு எந்தப் பிரிவின் கீழும் தடையுத்தரவு கிடைக்காது. சிவா இண்டஸ்ட்ரீஸுக்கு ஓட்டுப் போட்ட அதிகாரிகள் யாராவது ஒருவர் அந்தத் திண்ணையில் வந்து உட்காரட்டும். குழுவில் இருக்கிற அத்தனை பேரும் கையைத் தூக்கி நூற்றுக்கு நூறு ஓட்டுப் போட்டாலும், செவ்வாய்க்கிழமைத் தவணையில் ஒரு ரூபாய் குறைகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.