ஓடுகாலணி இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

காலணிக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்பவர், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மெரினா பக்கம் போயிராதவர். அங்கே ஓட்டக்காரர் இருவர் சந்தித்தால் நலம் விசாரிப்பதில்லை. இருவர் பார்வையும் ஒருசேரக் கீழே போகும். "அண்ணா, புதுசா? எத்தனை கிராம்?" என்று தொடங்கும் பேச்சு, கலங்கரை விளக்கம் வரை ஓடி முடித்த பின்னும் முடிவதில்லை. இத்தனை புழக்கமுள்ள ஒரு துறைக்குத் தமிழில் நூல் இல்லாதது பெருங்குறை. அதை நீக்க எழுந்தது இந்நூல். மூலமும் உரையும் ஒருவரே இயற்றியது. ஆகவே மூலத்தில் வேண்டிய அளவு தெளிவின்மை கவனமாக வைக்கப்பட்டிருக்கிறது. இல்லையேல் உரைக்கு வேலை இராது.

நூற்பா 1

ஓடு காலணி மூவகைப் படுமே:
உழைப்பன, ஒளிப்பன, இடையே நிற்பன.

இது என்ன கூறிற்றோ எனின், ஓட்ட ஷூக்களின் பாகுபாடு கூறிற்று.

உழைப்பன என்றது பயிற்சி ஷூவை. வாரத்தில் நாலைந்து நாள் மிதிபடும். ஒரு ஷூ 250 கிராமிலிருந்து 300 கிராம் வரை இருக்கும். 1983இல் பிறந்து இன்றும் புதுப்புது எண்களோடு வந்துகொண்டிருக்கும் நைக்கி பெகாசஸ் இக்குலத்தின் மூத்தோன். ஒளிப்பன என்றது போட்டி ஷூவை. 200 கிராம் அல்லது அதனினும் குறைவு. பந்தய நாளில் மட்டும் வெளிவந்து, பிற நாளெல்லாம் அட்டைப்பெட்டியில் மெல்லிய தாள் சுற்றி உறைவதால் இப்பெயர் பெற்றது. வீட்டாரிடம் விலையை ஒளிப்பதால் பெற்றது என்பாரும் உளர். அதுவும் பொருந்தும்.

இடையே நிற்பன என்றது, பயிற்சிக்கும் ஆகும், போட்டிக்கும் ஆகும் என்று கடைக்காரர் சொல்லும் லேசான ஷூவை. 2010இல் வந்த சாக்கனி கின்வாரா பழைய எடுத்துக்காட்டு. 2020இல் கார்பன் தகட்டுக்குப் பதில் நைலான் தகடு வைத்து வந்த அதே நிறுவனத்தின் எண்டார்ஃபின் ஸ்பீடு புதிய எடுத்துக்காட்டு.

நூற்பா 2

எடையெனப் படுவது கிராமின் பாற்றே;
அளவறி யாக்கால் அதுவும் பொய்யே.

எடையை ஒப்பிடுவோர் செய்யும் முதற்பிழை, எந்த சைஸின் எடை என்று கேளாமை. நிறுவனங்கள் பெரும்பாலும் ஆண்களின் அமெரிக்க 9ஆம் அளவை நிறுத்து அந்த எடையையே சொல்கின்றன. 11 போடுபவர் அந்த எண்ணை நம்பி வாங்கினால், வீட்டுச் சமையலறைத் தராசு அவரை ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார். தராசின்மேல் குற்றமில்லை, பாதத்தின்மேல்தான்.

அற்றேல், எடை குறைவதால் ஆவது என்னை? இதற்கு முதல் விடை சொன்னவர் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளர் பில் பௌர்மன். வீட்டு வாஃபிள் அச்சில் ரப்பரை ஊற்றி ஷூவின் அடிப்பாகம் வார்க்கப் பார்த்த மகான். அவர் கணக்கை மாணவர் ஃபில் நைட் தம் நினைவுநூலில் பதிந்திருக்கிறார். எட்டுக்கு ஆறடி வைத்தால் ஒரு மைலுக்கு 880 எட்டு. எட்டுக்கு ஓர் அவுன்சு, அதாவது 28 கிராம், குறைந்தால் மைலுக்கு 55 பவுண்டு மிச்சம். நம் கணக்கில் 25 கிலோ. மைலுக்கு ஒரு சிப்பம் அரிசியை இறக்கிவைத்தபடியே ஓடுவது போலாகும். இயற்பியலார் இக்கணக்கை முழுதும் ஏற்கமாட்டார்கள். ஆயினும் இதைக் கேட்டபின் பழைய ஷூவோடு நிம்மதியாக ஓடிய மாணவன் இருந்திருக்க முடியாது.

இரண்டாம் விடை கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராட்ஜர் க்ராமின் ஆய்வுக்கூடத்திலிருந்து 2016இல் வந்தது. பதினெட்டு ஓட்டக்காரர்களை 3,000 மீட்டர் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஷூ ஒன்றே போலத் தோன்றும். ஆனால் சில ஷூக்களின் நாக்குப் பகுதிக்குள் ஈயக் குண்டுமணிகள் ஒளிந்திருந்தன. ஓடியவருக்கு அது தெரியாது. அறிவியலின் பெயரால் செய்யும்போது இதற்கு வஞ்சகம் என்று பெயரில்லை. காலுக்கு 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடியது, நேரம் 0.78 சதவீதம் கூடியது.

இதை நம்மவர்க்குப் பொருத்திக் காட்டுதும். 270 கிராம் பயிற்சி ஷூவை விடுத்து 200 கிராம் போட்டி ஷூவுக்கு மாறுபவர், நான்கு மணி நேர மாரத்தானில் 80 வினாடி மிச்சம் பிடிப்பார். மூவாயிரம் மீட்டர் கணக்கை நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு நீட்டுவது ஆய்வு நெறிப்படி குற்றம். உரையாசிரியர்க்கு அது குற்றமன்று. அந்த 80 வினாடியை அவர் எங்கே செலவிடுகிறார் என்பது களப்பணியில் தெரிந்தது: தொடக்கக் கோட்டு வளைவின்கீழ் நண்பர்களோடு எடுக்கும் செல்ஃபியில் பாதி, இருபதாவது கிலோமீட்டர் அருகே நடமாடும் கழிப்பறை வரிசையில் மீதி.

இங்கே ஒரு தடை எழும். எழுபது கிராம் குறைக்கப் பணம் கொட்டியவர், இடுப்புப் பையில் இருநூறு கிராம் போனைக் கட்டிக்கொண்டு ஓடுகிறாரே, இது முரணன்றோ? அன்று. காலில் இருக்கும் எடையை ஒவ்வோர் எட்டிலும் தூக்கி, வீசி, நிறுத்த வேண்டும். இடுப்பிலிருக்கும் எடை கூடவே வரும், அவ்வளவுதான். உடம்பில் ஒரு கிலோ கூடினால் ஆகும் செலவை, காலுக்கு நூறு கிராம் கூடினாலே தொட்டுவிடலாம். ஆகவே போன்காரர் குற்றமற்றவர். குற்றவாளி வேறொருவர். தண்ணீர் கொடுக்கும் இடம்தோறும் ஒரு பாட்டிலை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொள்கிறாரே, அவர். அந்த நீர் முதுகு வழி, கால் வழி இறங்கி ஷூவுக்குள்தான் போய்ச் சேரும். சென்னை வியர்வை முன்பே அங்கே குடியேறியிருக்கும். காசு கொடுத்துக் குறைத்த எடையை இலவசத் தண்ணீரால் நிரப்பிக்கொள்ளும் இவரைப் பற்றி மேலைநாட்டு ஆய்வுகள் மௌனம் சாதிக்கின்றன.

நூற்பா 3

வெறுங்கால் வெல்லும் என்பார் உளரே;
வென்றதும் உண்டு, விதியன்று அதுவே.

எடை குறைவே சிறப்பெனின், சுழியம் கிராம் எடையுள்ள வெறுங்காலன்றோ தலையாய காலணி என்பது மறுப்போர் கூற்று. அவர் சான்று வலியது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா கல் பாவிய தெருக்களில் வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் மாரத்தானை வென்றார்.

அஃது ஒக்கும். ஆனால் அதே பிகிலா 1964இல் டோக்கியோவில் ஷூ அணிந்து 2:12:11இல் வென்றதை மறுப்போர் சொல்வதில்லை. குடல்வால் அறுவை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நேரம் அது. க்ராமின் ஆய்வுக்கூடத்தார் 2012இல் இதையும் சோதித்தார்கள். வெறுங்காலிலும் லேசான ஷூவிலும் ஈயத் துண்டுகளை ஒட்டி (அவர்களுக்கு ஈயத்தின்மேல் தணியாத காதல்) எடையைச் சமமாக்கி ஓடவிட்டபோது, ஷூ அணிந்தவருக்கே 3 முதல் 4 சதவீதம் ஆற்றல் மிச்சமானது. அடியில் மெத்தை இல்லையேல் மெத்தையின் வேலையைத் தசை செய்ய வேண்டும்; தசை சும்மா செய்யாது.

இருந்தும் 2009இல் கிறிஸ்டோபர் மெக்டூகலின் 'பார்ன் டு ரன்' வெளிவந்தபின், ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை போட்ட விப்ரம் ஷூ உலகெங்கும் புகழ்பெற்றது. கால் வலுப்படும், காயம் குறையும் என்ற விளம்பரம் நீதிமன்றம் ஏறியது. 2014இல் அந்நிறுவனம் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. விரல்தோறும் உறை மாட்டப் பொறுமையுள்ளவர் ஓடவே தேவையில்லை என்பது உரையாசிரியர் கருத்து.

நூற்பா 4

தடித்தது பயிற்சி, மெலிந்தது போட்டி
என்றனர் முன்னோர், இன்றஃ தில்லை.

முன்னோர் காலத்தில் குழப்பமே இல்லை. 1951இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற ஜப்பானியர் ஷிகேகி தனகா, கட்டைவிரலுக்குத் தனி அறை வைத்த தாபி என்னும் மெல்லிய காலணியில் ஓடினார். பின்வந்த அரை நூற்றாண்டும் போட்டி ஷூ என்றால் ஃபிளாட்தான். சாலையிலுள்ள சிறுகல்லின் வடிவத்தைப் பாதத்துக்குத் தெரிவிக்கும் அளவுக்குத் தட்டை. எடையைக் குறைக்க வேண்டுமா, மெத்தையைச் சீவு. வேறு வழி அவர்கள் அறியார்.

2017இல் நைக்கி வேப்பர்ஃபிளை வந்து இலக்கணத்தைத் தலைகீழாக்கியது. தடித்த அடிப்பாகம், ஆனால் எடை குறைவு. உள்ளே பெபா என்னும் நுரையும் வளைந்த கார்பன் தகடும். அந்த நுரையை அழுத்தி விட்டால், வாங்கிய ஆற்றலில் 87 சதவீதத்தைத் திருப்பித் தந்தது; ஒப்பிட்ட பழைய போட்டி ஷூ தந்தது ஏறத்தாழ 66. கொடுத்த கடனில் இத்தனை பங்கு திரும்பி வருவது மனித உறவுகளில் அரிது. கொலராடோவில் சோதித்தபோது சராசரியாக 4 சதவீதம் ஆற்றல் மிச்சம். அந்தச் சோதனையிலும் எடையைச் சமமாக்க ஈயம் சேர்த்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே எடை எடை என்று நாம் இதுவரை பேசியதில் பெரும்பகுதி நுரையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். நூற்பா 2ஐ நீக்கலாமா என்று எண்ணியதுண்டு. பாடபேதம் பெருகும் என அஞ்சி விட்டுவைத்தோம்.

2020 சனவரியில் உலகத் தடகள அமைப்பு தலையிட்டது. சாலைப் போட்டியில் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தகடு ஒன்றுக்கு மேல் கூடாது. பயிற்சிக்கு இக்கட்டு இல்லை. ஆகவே நிறுவனங்கள் பயிற்சி ஷூவை அதற்கு மேலும் தடிக்கவிட்டன. இதனால் விளைந்தது திணை மயக்கம். அதற்கு எடுத்துக்காட்டு வருமாறு.

2021 செப்டம்பர் 12, வியன்னா மாரத்தான். எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசா முதலில் எல்லையைத் தொட்டார். சற்று நேரத்தில் அறிவிப்பு வந்தது: தகுதி நீக்கம். போட்டிக்கு முன் ஒரு ஷூவைப் பதிந்துவிட்டு, அன்று காலை வேறொன்றை மாட்டி வந்திருக்கிறார். அதன் அடிப்பாகம் 5 சென்டிமீட்டர். அனுமதி 4. மூன்று வினாடி பின்னால் வந்த கென்யாவின் லெனர்ட் லங்கட் வெற்றியாளரானார். உழைப்பனவற்றை ஒளிப்பனவற்றின் இடத்தில் வைத்தல் வழுவாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை. பழைய இலக்கணப்படி, பயிற்சி ஷூவில் ஓடிய ஒருவனைப் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டியிருப்பார்கள். புதிய இலக்கணத்தில் அவன் குற்றவாளி.

நூற்பா 5

எடைகுறை யுந்தொறும் ஏறும் விலையே;
ஏறிய விலைக்கு நாளோ குறைவே.

2023இல் அடிடாஸ் வெளியிட்ட அடியோஸ் ப்ரோ ஈவோ 1 இந்நூற்பாவுக்கென்றே பிறந்தது. ஒரு ஷூ 138 கிராம். ஜோடி விலை 500 டாலர். ஒரு மாரத்தானுக்கும், அதற்கு முன் கால் பழக்கிக்கொள்ளச் சிறிது ஓட்டத்துக்கும் என்று நிறுவனமே சொன்னது. கிராமுக்கு 1.8 டாலர் ஆகிறது. அந்த ஆண்டில் வெள்ளி விலை அதில் பாதிகூட இல்லை. வெள்ளியை மறுபடி விற்கலாம் என்பதும் நினைக்கத் தக்கது. அந்த ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா அதை அணிந்து 2:11:53இல் ஓடினார். முந்தைய பெண்கள் உலக சாதனையிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைந்தது. ஓடி முடித்து, ஷூவைக் கழற்றி முத்தமிட்டார். நியாயம்தான். அந்த வேகத்துக்கு 500 டாலர் மலிவு.

நம் வேகத்துக்கு? மணிக்கு 10 கிலோமீட்டரில், அதாவது மாரத்தானை நாலே கால் மணியில் முடிப்பவர் வேகத்தில், இவ்வகை ஷூ என்ன தருகிறது என்று அமெரிக்காவில் டஸ்டின் ஜூபர்ட் குழுவினர் 2023இல் அளந்தார்கள். 4 சதவீதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சிலருக்கு மிச்சம் போய்ச் செலவே கூடியது. இதைப் படித்தபின்னும் வாங்குபவர் அறிவியலுக்காக வாங்கவில்லை. அதில் இழுக்கொன்றும் இல்லை.

அப்படியாயின் நமக்கு உரியது இடையே நிற்பதுதானே? ஆம். லேசு, மெத்தை, நாள்பட உழைக்கும், நூறு தடவை மிதித்தாலும் மனம் பதறாது. உரையாசிரியர் முடிபு இதுவே. ஆனால் கடையில் இது செல்லுபடியாவதில்லை.

"தம்பி, இதையே ரேசுக்கும் போட்டுக்கலாமா?"

"தாராளமா போடலாம் சார்." ஒரு கணம் நிறுத்தி, "ஆனா ரேசுக்குன்னு தனியா ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும் சார்."

இடையே நிற்பனவற்றின் தலைவிதி இதுதான். ரேசுக்குத் தனியாக ஒன்று வந்ததும் இது பயிற்சிக்கு இறங்கும். பயிற்சிக்கு ஏற்கெனவே ஒன்று இருப்பதால் இது வாசல் ஷூ அலமாரியில் மாமனாரின் செருப்புக்கு அருகே ஒதுங்கும்.

இனி ஒழிபு. ஒளிப்பன தம் காலம் முடிந்தபின் என்ன ஆகின்றன? நுரை செத்து, அடி ரப்பர் தேய்ந்து, பந்தயத்துக்கு ஆகாதென்று தள்ளிய போட்டி ஷூவைத் தூக்கியெறிய மனம் வராது. களப்பணியில் கண்டபடி, அது காலை ஆறு மணிக்குப் பால் பூத்துக்குப் போய்வருகிறது. கார்பன் தகட்டின் உந்தல் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருப்பதால் அணிந்தவர் சற்றே முன்சாய்ந்து நடப்பார், பால் பாக்கெட் ஆடும். இந்நான்காம் வகையை மூலம் சொல்லிற்றிலதால் எனின், முதல் நூற்பாவில் 'படுமே' என்ற ஏகாரம் சும்மா நின்றதன்று. பால் வாங்கப் போவனவும் உள என்பதை அந்த இலேசினால் கொள்க.