வாக்னர் அட்டை: மூலமும் தடைவிடை உரையும்

இவ்வாராய்ச்சிக்கு மூலபாடமாவது ஒரு சிகரெட் பெட்டி அட்டை. அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உயரம் இரண்டரைக்குச் சற்று மேல். ஆரஞ்சு வண்ணப் பின்னணியில் நடுவகிடு எடுத்த ஒரு மனிதர், காலர் வைத்த சட்டை. சிரிப்பு மருந்துக்கும் இல்லை. மார்பில் ‘பிட்ஸ்பர்க்’ என்னும் ஊர்ப்பெயர், இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு ஓரெழுத்துக் குறைவாக நிற்கிறது. அச்சுப்பிழையோ எனின், அன்று; 1891 முதல் 1911 வரை அந்த எழுத்தை அமெரிக்க அரசே பிடுங்கி வைத்திருந்தது. படத்தில் இருப்பவர் பைரேட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னர். 1936-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்வான ஐவருள் ஒருவர். 2022-இல் இவ்வட்டையின் பிரதி ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. கூட வந்த சிகரெட்டுகள் எப்போதோ புகைந்து தீர்ந்தன.

ஏன் இந்த விலை? ‘அரிதானது, அதனால்’ என்பார் பாமரர். அற்றன்று. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட, சேகரிப்பாளர்கள் டி206 என்று வழங்கும் இந்த வரிசையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகள் உண்டு. அவற்றுள் ஜோ டாயில் என்பாரின் பிழைப்பிரதி வாக்னரைக் காட்டிலும் அரிது. நியூயார்க்கில் அப்போது இரண்டு டாயில்கள் ஆடினர். அச்சகத்தார் ஜோவை மற்ற டாயிலின் லீக்கில் சேர்த்துவிட்டு, பிறகு விழித்துக்கொண்டு திருத்தினர். திருத்தத்துக்கு முந்தியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. வாக்னரோ அறுபது வரை தேறுகிறார். இருந்தும் டாயிலால் வாக்னர் விலைக்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை. ஆகவே அருமை வேறு, ஆசை வேறு என்பது பெறப்படும். (டாயிலின் ரசிகர்கள் ஆட்சேபிக்கலாம், அப்படி எவரேனும் இருந்தால்.)

டாயில் அட்டையில் இருப்பது அச்சகத்தாரின் அசதி. வாக்னர் அட்டையில் இருப்பது ஒருவரின் மறுப்பு. தம் படத்தைப் போடக்கூடாது என்று அவர் சொல்ல, அதற்குள் அச்சாகி வெளியேறிவிட்ட சிலவே இன்று உள்ளவை. சேகரிப்பாளர் காசு கொடுத்து வாங்குவது அந்த ‘வேண்டாம்’ என்பதைத்தான் என்பது இவ்வாசிரியரின் துணிபு.

மறுப்புக்கு உரை சொல்வோர் இரு திறத்தார். சிறுவர்கள் அட்டைக்காகச் சிகரெட் வாங்கிக் கெட்டுப்போவதை அவர் விரும்பவில்லை என்பர் ஒரு சாரார். காசு பேசாமல் படம் போட்டதால் சினந்தார் என்பர் மற்றொரு சாரார். முதற்கூற்றுக்குத் தடை: வாக்னர் புகையிலை மெல்பவர். 1940-களின் இறுதியில் லீஃப் நிறுவனம் பபிள்கம்மோடு விற்ற அட்டையில் அவரே புகையிலையை எடுத்து வாயில் அதக்குகிறார். அதை வாங்கியவர்களும் சிறுவர்களே. இரண்டாம் கூற்றுக்குத் தடை இன்னும் கனமானது. வாக்னரின் சம்மதத்தை வாங்கித் தந்தால் பத்து டாலர் என்று ஜான் க்ரூபர் என்ற விளையாட்டு எழுத்தாளரிடம் பேசப்பட்டிருந்தது. வாக்னர் முடியாது என்றார். என்றவர், க்ரூபருக்கு நட்டம் வரக்கூடாதென்று தம் கணக்கிலிருந்தே பத்து டாலருக்குக் காசோலை எழுதி அனுப்பினார். க்ரூபர் அதை வங்கியில் போடவில்லை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார் என்று அக்காலப் பத்திரிகை சொல்கிறது. காசு வரவில்லை என்று கோபித்தவர், கைக்காசைக் கொடுத்தா மறுப்பார்? இரு சாராரும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஏலக்காரர்கள் அதை அவசரப்படுத்துவதாகவும் தெரியவில்லை.

இனி உடற்கூறு. அட்டைகளுக்கு மதிப்பெண் போடுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் உள்ளன. மூலை மழுங்கியிருக்கிறதா, ஓரம் பிசிறியிருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா, படம் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று எண் தந்து, பிளாஸ்டிக் பேழைக்குள் மூடித் திருப்பித் தருவார்கள். பிறகு உரிமையாளரே ஆனாலும் தொட முடியாது. இவ்வாறு பி.எஸ்.ஏ. என்னும் கம்பெனி முதன்முதலில் சான்றளித்தது ஒரு வாக்னர் அட்டைக்குத்தான், மதிப்பெண் எட்டு. ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் க்ரெட்ஸ்கி கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 1991-இல் 4,51,000 டாலருக்கு எடுத்தது அது. பின்னர் குலுக்கல் பரிசாக வைக்கப்பட்டு ஃப்ளோரிடாவில் ஒரு தபால் ஊழியருக்கு விழுந்தது. பரிசுக்கு வரி கட்ட வழியில்லாமல் அவர் அதை ஏலத்துக்கு விட்டார். பின்னும் கைமாறி, 2007-இல் அதன் விலை 28 லட்சம் டாலர்.

சிகரெட்டோடு கிடந்த அட்டைக்கு மூலைகள் இவ்வளவு கூராக இருப்பானேன் என்று சிலர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். 2013-இல், ஏல மோசடி வழக்கில் சிக்கிய பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அதன் ஓரங்களைத் தாமே நறுக்கியதாக ஒப்புக்கொண்டார். நறுக்கிய அட்டைக்கு மதிப்பெண் கிடையாது என்பது விதி. விதியும் அப்படியே இருக்கிறது, அட்டையும் எட்டு மதிப்பெண்ணோடு அப்படியே இருக்கிறது. இதனைப் புறனடை என்க.

ஓரம் போனதற்கு இப்படி. பாதியே போனால்? 2021-இல் கிழிந்த வாக்னர் ஒன்றின் பாதி மட்டும் ஏலத்துக்கு வந்து 4.75 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதாவது, 1991-இன் முழு அட்டையை 2021-இன் அரை அட்டை விலையில் முந்திவிட்டது. கால் அட்டை எதுவும் இதுவரை சந்தைக்கு வராமையால் இத்தேற்றம் பாதியில் நிற்கிறது. மனமுள்ள உரிமையாளர்கள் ஆராய்ச்சிக்கு உதவலாம்.

எஞ்சியது ஜெஃபர்சன் பர்டிக் பற்றிய சிக்கல். டி206 என்ற எண்ணே இவர் தொகுத்த பட்டியலில் இருந்து வந்ததுதான். மற்ற அட்டைகள் சில்லறைக்குப் போன 1930-களிலேயே வாக்னருக்கு 50 டாலர் என்று குறித்தவரும் இவரே. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துணுக்குகளையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு இனாமாகக் கொடுத்தார். மூட்டுவாதத்தில் முடங்கிய விரல்களோடு ஆண்டுக்கணக்காக அங்கே உட்கார்ந்து அவற்றை ஆல்பங்களில் ஒட்டினார். 1963 தொடக்கத்தில் வேலை முடிந்தது, அவ்வாண்டே காலமானார். வாக்னருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே கோந்துதான். கோந்து பட்ட முதுகுக்கு மதிப்பெண் என்னாகும் என்பதைச் சேகரிப்பாளரிடம் விளக்க வேண்டியதில்லை. விலை தெரிந்தும் விற்காமல், பேழையில் மூடாமல், பசை தடவிய இவரது நடத்தை நம் துணிபுகள் அனைத்துக்கும் முரணாக இருப்பதால், ஆய்வு நெறிப்படி இவரை நீக்கிவிட்டே மேற்கண்ட முடிவுகள் எட்டப்பட்டன.